பெட்டி சிங்கப்பூர் வரைதான்

நவம்பர் 3, திங்கள்

தனித்தனி டிக்கெட் வாங்கி இரண்டு விமானம் மாறிப் போகிறவர்களின் பெட்டி இனி கடைசி ஊர் வரை அனுப்பப்படாது. முதல் டிக்கெட் எந்த ஊரில் முடிகிறதோ, பெட்டியும் அங்கேயே இறக்கப்படும். பயணியே அதை எடுத்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். புதன்கிழமை, 5-ஆம் தேதி முதல் அமல். சொன்னவர் ரிஸ்வான், திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமான நிறுவனம் ஒன்றின் நிலைய மேலாளர். தொலைபேசியில், முற்பகல் 11.40. சுற்றறிக்கையின் படம் 11.52-க்கு வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு பக்கம். இரண்டு முறை படித்தேன்.

இதுவரை அப்படியில்லை. இரண்டாவது டிக்கெட்டின் நகலைக் கவுன்டரில் காட்டினால் கடைசி ஊர் வரைக்கும் டேக் ஒட்டிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு பயணிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன்.

"சார், நம்ம ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான் போறாங்க" என்றார் ரிஸ்வான். "சிங்கப்பூர் வரைக்கும் எங்கள்ட்ட ஒரு டிக்கெட்டு, அங்கேருந்து வேறெவன்ட்டயோ இன்னொண்ணு. சிங்கப்பூர் விசா இல்லாதவன் இமிக்ரேஷனைத் தாண்டி வந்து பெட்டியைத் தொடவே முடியாது. கவுன்டர்ல வந்து என் ஆளுங்களத்தான் திட்டுவாங்க. சீக்கிரம் போட்டு வுட்ருங்க சார்."

போட்டுவிடுகிறேன் என்றேன்.

மாலை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் நாளிதழின் திருச்சிப் பதிப்புப் புகைப்படக்காரர் ஜெசிந்தாவுக்கு ஜப்பானில் ஒசாகா கண்காட்சி உறுதியாகிவிட்டது. தனி அரங்கு, பன்னிரண்டு படங்கள். என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மூன்று வாக்கியம் பேசினேன்.

கேக்கைத் தின்றுகொண்டே ஜெசிந்தா பயண விவரம் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து ஒசாகாவுக்குக் கண்காட்சிக்காரர்கள் டிக்கெட் அனுப்பிவிட்டார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அவரே தனியாக வாங்கியிருக்கிறார், ரிஸ்வானின் விமானத்தில். 10-ஆம் தேதி, பகல் 1.15. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகச் சொன்னதுதான்.

செய்தியை நாளை எழுதலாம். இன்னொரு தரப்பும் உறுதி செய்ய வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

விமான நிலைய இயக்குநர் அலுவலகத்துக்குப் பேசினேன். "அது அந்தந்த நிறுவனத்தோட விஷயம்" என்றார்கள். இதை உறுதிப்படுத்தல் என்று சொல்ல முடியாது. மறுப்பு என்றும் சொல்ல முடியாது. செய்தி அனுப்பவில்லை.

ஒசாகாவுக்குப் போகும் படங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன். எங்கும் பதிவாகாத விவரங்கள்.

திருச்சி விமான நிலையத்தில் யாரும் கேட்டு வராத பெட்டிகளுக்கென்று ஓர் அறை உண்டு. அப்படி ஓர் அறை இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான். அனுமதி வாங்க மூன்று மாதம் ஆனது. ஒன்பது கடிதம் எழுதினேன். பெட்டிகள் மேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டு பெரம்பலூர், துறையூர், ஆலங்குடி என்று வீடு வீடாகப் போனவனும் நான்தான். நீல நைலான் கயிறு கட்டிய பழுப்புப் பெட்டி முருகையனுடையது என்று நான் போய்ச் சொன்னபிறகுதான் அவர் மனைவிக்கே தெரிந்தது. முருகையன் துபாயில் விமானம் ஏறுவதற்கு முன்பே இறந்தார். பெட்டி மட்டும் ஏறிவிட்டது.

ஜெசிந்தா அந்த அறையில் இருந்தது நாற்பது நிமிடம்.

அந்த அறையைப் பற்றி நான் எழுதியது நான்கு நாள் தொடராக வந்தது. எங்கள் நாளிதழில் மாவட்டச் செய்தியாளர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. எத்தனை பத்தி எழுதினாலும் மேலே 'நமது நிருபர்' என்றுதான் வரும். படத்துக்குக் கீழே மட்டும் எடுத்தவர் பெயர் வரும். அப்படித்தான் வந்தது. நமது நிருபர். படம்: ஜெசிந்தா.

இருபத்தொன்பது வருடமாக நான் நமது நிருபர். இது புகாரில்லை, தகவல்.

நீலக் கயிறு கட்டிய பெட்டியின் படத்தை என் மனைவி மங்கை கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள். நேர்த்தியாகக் கத்தரித்திருக்கிறாள். சுற்றி இருந்த என் எழுத்து ஒரு வரிகூடப் படத்தோடு சேர்ந்து வரவில்லை. இன்று தண்ணீர் எடுக்கப் போனபோது, "எழுதினது எங்கே?" என்று கேட்டேன்.

"அது நீளமா இருந்துச்சு, ஃபிரிட்ஜுல நிக்கல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், அந்தப் பொண்ணு ஜப்பான் போறது ஒங்களுக்கு வயித்த எரியுதா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 5, புதன்

விதி இன்று அமலுக்கு வந்தது. மழை. ஸ்கூட்டரின் பிரேக் ஒயரை மாற்றினேன்.

நவம்பர் 6, வியாழன்

பார்சல் பிரிவின் தராசில் ஜெசிந்தாவின் பெட்டியை எடை போட்டோம். ஏஜென்டுகளுக்குப் போகும் பேப்பர் கட்டுகளை நிறுக்கும் பெரிய தராசு. 27.4 கிலோ. பலகையில் ஒட்டிய படங்கள், அதனால் கனம். துணிமணியை எடுத்துத் தோள்பையில் வைத்ததும் 22.6 ஆனது. அவர் டிக்கெட்டில் 25 வரை அனுமதி.

"தப்பிச்சேன்" என்றார். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பலகைண்ணே. கையில கொண்டு போனா ஏழு கிலோதான் விடுவான். இது வந்து சேரலன்னா அங்க வெறுஞ்சுவரப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

அப்புறம் கேட்டார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, பெட்டியை இங்க போட்டா நேரா ஒசாகாவுலதானே எடுக்கலாம்? சிங்கப்பூர்ல எனக்கு விசா கிடையாது. ஏர்போர்ட்டுக்கு உள்ளயேதான் ரெண்டரை மணி நேரம் இருக்கப் போறேன். ரெண்டாவது டிக்கெட்டோட நகலைக் காட்டினா போதும்னு நீங்கதானே எழுதினீங்க?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த அந்தப் பகுதி. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"ஆமா, எழுதினேன்" என்றேன்.

நான் எழுதியது உண்மை. சொன்னதும் உண்மை.

"அப்ப சரி" என்று உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க எழுதினா நான் யாரையும் கேக்க மாட்டேன்ணே."

போகும்போது திரும்பி, "உங்க இனிஷியல் எஸ்-ஸா, டி-யா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் ஒரே காரில் போய் வந்தவருக்கு என் இனிஷியல் தெரியவில்லை. அவருடைய இனிஷியல், அவர் அப்பா பெயர், ஞானஸ்நானம் நடந்த கோயில் எல்லாம் எனக்குத் தெரியும்.

"டி" என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

செய்தி அனுப்பவில்லை. மாநகராட்சிக் கூட்டம் இருந்தது.

நவம்பர் 8, சனி

ஜெசிந்தாவுக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் பேசினார்கள். மூன்றாவதாகப் பேசியவர் நாளிதழின் ஆசிரியர். நான் எதிர் மேசையில் இருந்தேன். "கலியபெருமாள் அண்ணன் பக்கத்துலதான் இருக்காங்க சார், குடுக்கட்டா?" என்று கேட்டார். ஆசிரியர் வேறு வேலையாக இருந்தார்போல. கொடுக்கவில்லை.

பிற்பகலில் சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். முதல் பக்கம், மூன்றாவது பத்தி: 'இடை நிறுத்த நாட்டில் நுழைய விசா இல்லாத பயணியின் பெட்டி ஏற்றுக்கொள்ளப்படாது.' சிங்கப்பூரில் மாட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். திருச்சியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இன்று சொன்னாலும் நேரம் இருக்கிறது. கூரியர் ஆபீஸ் சனிக்கிழமை ஆறு மணி வரை.

ஐந்தே காலுக்கு மங்கையோடு காந்தி மார்க்கெட் போனேன். சின்ன வெங்காயம், சேனை.

நவம்பர் 10, திங்கள்

காலை பத்தே முக்காலுக்கு விமான நிலையத்தில் இருந்தேன். வழியனுப்பப் போனது நான் மட்டும்தான். ஜெசிந்தாவின் கணவருக்குப் பள்ளியில் தேர்வு வேலை.

உள்ளே போகும் முன் ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குண்ணே" என்றார். "கலெக்டரு, மந்திரி எல்லாரையும் நெருங்கிப் போயி எடுத்திருக்கேன். அப்பல்லாம் இப்படி இல்ல."

"போயிட்டு வா ஜெசி" என்றேன்.

வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் கவுன்டர் தெரியும். பேசுவது கேட்காது. 11.20-க்கு அவர் முறை வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தார். கவுன்டர் பெண் ஏதோ கேட்டார். ஜெசிந்தா தலையை ஆட்டினார். இரண்டாவது டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் கையை விரித்தார். அடுத்து ஜெசிந்தா பைக்குள் கைவிட்டு எடுத்தது பிளாஸ்டிக் உறை. அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. கவுன்டர் பெண் அதை வாங்கி மரியாதையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

11.34-க்கு என் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, பெட்டி சிங்கப்பூர் வரைதான் போகுமாம். விசா இல்லாததால அதையும் ஏத்த மாட்டேங்குறாங்க. கைப்பையோட மட்டும்னா போகலாமாம். நீங்க எழுதினதக்கூடக் காட்டினேன். அது பழசு மேடம், இப்ப மாத்திட்டாங்கன்னு சொல்றாங்க. நேத்துதான் மாத்துனாங்களோ என்னமோ. என்னண்ணே பண்றது?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். இருபதடி தூரம்.

"நீ போ" என்றேன். "பெட்டியை வெளிய அனுப்பு. நான் கூரியர்ல அனுப்பறேன்."

"பதினஞ்சாம் தேதி திறப்புண்ணே. வந்து சேந்துருமா?"

"பாக்கலாம்."

"உங்களுக்குத்தான் வேலை வைக்கிறேன்" என்றார். அழுதார். கண்ணாடியில் பார்த்தேன், காதிலும் கேட்டேன். "மொதல்லயே நாலு பேர்ட்ட விசாரிச்சிருக்கணும். என் புத்திய செருப்பால அடிக்கணும்."

ரிஸ்வானே தள்ளுவண்டியில் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தார். சாவியும் கொடுத்தார். கூரியர்காரர்கள் உள்ளே இருப்பதற்குப் பட்டியல் கேட்பார்கள், திறந்து பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னாராம் ஜெசிந்தா.

"சார், ஒங்கள்ட்டதான் மொத மொதல்ல சொன்னேன்" என்றார் ரிஸ்வான். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேப்பர்ல வரவே இல்லியே. இந்த அஞ்சு நாள்ல இது ஏழாவது கேஸு. காலைல ஒரு கிழவி, மகளுக்குப் பிரசவ மருந்து கொண்டு போறேன்னு மெல்போர்னுக்கு. பெட்டியைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துருச்சு."

"இடம் இல்லாமப் போச்சு" என்றேன்.

பொய். மூன்றாம் தேதியிலிருந்து நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்று கணக்கு வைத்திருந்தேன். அது முடிந்தது.

விமானம் 1.15-க்குக் கிளம்பியது. தாமதமில்லை.

பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். "அந்தப் பொண்ணு பெட்டி இங்க எப்படி வந்துச்சு?" என்றாள் மங்கை. விதி மாறிவிட்டது என்றேன். எப்போது என்று கேட்டாள். சாப்பாடு போடச் சொன்னேன்.

மாலையிலேயே கூரியர் ஆபீசுக்குப் போயிருக்கலாம். பட்டியல் எழுத வேண்டும். நாளை.

நவம்பர் 11, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தவை: பலகையில் ஒட்டிய படங்கள் 12. சணல் நூல் ஒரு உருண்டை. மாட்டும் கொக்கிகள் 26. வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி. மேரி மாதா படம் ஒன்று, சிறியது. எழுத்துப் பலகை 1.

எழுத்துப் பலகை மற்றவற்றைவிடப் பெரியது. துண்டில் சுற்றி அடியில் வைத்திருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் அச்சடித்தது. என் தொடரின் முதல் நாள் கட்டுரை, முழுதாக. ஒரு வரி வெட்டவில்லை. சென்னையில் வெட்டிய இரண்டு பத்திகளும் இருந்தன. அவை அவருக்கு எப்படிக் கிடைத்தன என்று யோசித்தேன். போன வருடம் என் கணினியிலிருந்து மூலத்தைக் கேட்டு வாங்கிப் போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

தலைப்புக்குக் கீழே முதல் வரி: செய்தி – டி. கலியபெருமாள். அதற்கு அடுத்த வரி: படங்கள் – ஜெசிந்தா.

இந்த வரிசையில்தான் இருந்தது. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்து. அளந்தேன்.

மங்கை டீ கொண்டு வந்தாள். பலகையைப் படித்தாள். என் பெயர் மேல் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தாள். "இதை நீங்க சொல்லவே இல்லியே" என்றாள்.

"எனக்கே தெரியாது" என்றேன்.

எட்டேகாலுக்குக் கூரியர் ஆபீஸ். ஒன்பதரைக்குத்தான் திறந்தார்கள். அதுவரை படியில் உட்கார்ந்திருந்தேன். சென்னை வழியாகப் போகும், வெள்ளி அல்லது சனி சேரும், ஜப்பான் சுங்கத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார் அங்கிருந்தவர். நானே பக்கத்தில் நின்று, பலகைக்குப் பலகை குமிழ்த்தாள் சுற்றவைத்தேன். "சார், கண்ணாடியா?" என்று கேட்டார். "அதைவிட மோசம்" என்றேன்.

வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் அன்றே அனுப்பியிருக்கலாம். நேற்றோ இன்றோ ஒசாகாவில் இருந்திருக்கும்.

மதியம் செய்தி எழுதினேன். முப்பத்தொரு வரி. என் வழக்கப்படி முதல் பத்தியிலேயே எது, எப்போது, யார் சொன்னது. 'இத்தகவலை நிறுவனத்தின் நிலைய மேலாளர் கடந்த 3-ஆம் தேதி தெரிவித்தார்.'

மாலை 6.50-க்குச் சென்னைச் செய்தி ஆசிரியர் வாசுதேவன் பேசினார்.

"கலியபெருமாள், பிரமாதமான மேட்டர்யா. வெளிநாடு போறவன் பூரா வாட்ஸ்அப்ல சுத்த விடுவான். மொதப் பக்கம். இந்த மாசத்துலேருந்து எக்ஸ்க்ளூசிவுக்குப் பெயர் போடலாம்னு ஆசிரியர் சொல்லிருக்கார். உம்ம பேர்ல போடறேன். சந்தோஷமா?"

சரி சார் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. மூணாம் தேதின்னு இருக்கு. இன்னிக்குப் பதினொண்ணு. ஒரு வாரப் பழசு மாதிரி தெரியும். எப்பவும் போல தேதிய எடுத்துடவா?"

எப்பவும் எடுப்பார்கள். இருபத்தொன்பது வருடமாக நான் எழுதுவேன், அவர்கள் எடுப்பார்கள்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

"ஏன்யா?"

"அன்னிக்குத்தான் சொன்னாரு."

நவம்பர் 12, புதன்

வந்துவிட்டது. முதல் பக்கம், கீழே இடதுபுறம், மூன்று பத்தி அகலம். மேலே என் பெயர். தேதியை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து வாழ்த்தினார்கள். ரிஸ்வான் நன்றி சொன்னார். மங்கை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படித்துக்கொண்டே வந்தவள் முதல் பத்தியில் நின்றாள். நாள்காட்டியைப் பார்த்தாள். கேக் வெட்டியது எந்தக் கிழமை என்று கேட்டாள். திங்கள் என்றேன்.

கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மதியம் சோறு போடும்போது, "அது ஒங்கள அண்ணேன்னு கூப்புடுது" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 13, வியாழன்

காலை 6.05. ஒசாகாவிலிருந்து ஜெசிந்தாவின் வாட்ஸ்அப். செய்தியின் படத்தை அனுப்பியிருந்தார். முதல் பத்தியில் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரே வரி.

'மூணாம் தேதியா அண்ணே?'

'ஆமா. உன் பெட்டி போகாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல' என்று அனுப்பினேன். 6.11-க்கு, படித்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது.

அதன்பின் எதுவும் வரவில்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை உரிமையாளர் சங்கக் கூட்டம். போய்வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

மாலை 4 மணி நிலவரம், கூரியர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தின்படி: பெட்டி பிற்பகல் 1.26-க்கு ஒசாகா சுங்கத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. நாளை அவர்கள் நேரம் காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் அரங்கத்தில் ஒப்படைக்கப்படும் என்று இருக்கிறது. திறப்பு 11 மணி, நமக்குக் காலை 7.30. மாட்டுவதற்கு ஒரு மணி நேரமாவது கிடைக்கும். ஜெசிந்தா வேகமாக வேலை செய்பவர். அந்த அறையில் அவருக்கு நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது.

விவரத்தை அவருக்கு அனுப்பினேன். நீலக் குறி வந்தது.

பன்னிரண்டு படங்களும் சுவரில் ஏறும். பதின்மூன்றாவது பலகையை மாட்டுவாரா, துண்டில் சுற்றியபடியே பெட்டியில் விட்டுவிடுவாரா என்பது உறுதியாகவில்லை. மாட்டச் சொல்ல எனக்கு வாயில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கண்காட்சிக்காரர்கள் திறப்பு விழாப் படங்களை நாளை மாலை, நம் நேரம் ஐந்து மணிக்கு, தங்கள் பக்கத்தில் ஏற்றுவார்கள்.